எடைக்குப் போடும் கொள்கை: ஒரு மறுப்பு

இக்காலத்தில் நம்முடைய வீடுகளுக்குள், படித்த பிள்ளைகளின் வாய்வழியாகப் புகுந்து, எதிர்த்துப் பேசுவார் ஒருவரும் இல்லாமையால் நாளுக்கு நாள் பலத்து, ஏறக்குறைய ஒரு சித்தாந்தத்தின் அந்தஸ்தையே அடைந்துவிட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. காகிதத்தின் யுகம் முடிந்துவிட்டது. பட்டா கம்ப்யூட்டரில் இருக்கிறது, வில்லங்கம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, ஆதார் கைப்பேசியில் இருக்கிறது. ஆகையால் பரணிலும் பீரோவின் அடித்தட்டிலும் மஞ்சள் பைகளிலும் டிரங்குப் பெட்டியிலும் அடைந்து கிடக்கும் காகிதங்கள் கறையானுக்கு ஆகாரமேயன்றி வேறல்ல. வேண்டுமானால் படம் பிடித்துக்கொண்டு, மிச்சத்தை எடைக்குப் போட்டுவிடுவதே விவேகம் என்பது அந்த அபிப்பிராயத்தின் சாரம். தை பிறக்குமுன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாட்களில், சென்னையிலோ பெங்களூரிலோ உத்தியோகம் பார்க்கும் மகன் ஊருக்கு வந்து இந்த உபதேசத்தைச் செய்யும்போது, பெட்டியை நாற்பது வருஷமாகக் காத்துவந்த தாய், “கெடக்கட்டும்ப்பா, உங்கய்யா வச்சது” என்பதற்குமேல் ஒரு நியாயமும் சொல்லத் தெரியாமல் நிற்கிறாள். சொல்லத் தெரியவில்லை என்பதனாலேயே அவள் பக்கம் நியாயம் இல்லை என்று ஆகிவிடாது. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில், வன்னியம்பட்டியைப் போன்றதொரு ஊரில் இருந்துகொண்டு, அவள் சொல்லாமல் விட்ட நியாயத்தைச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தக் கொள்கை புதிது என்று அதன் பிரசாரகர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பான் தேசத்து மாரி கொண்டோ அம்மையார், வீட்டைத் துப்புரவாக்கும் கலையைப் பற்றி உலகமெங்கும் விற்பனையான நூலை எழுதி, காகிதத்தைப் பொறுத்தவரை அனைத்தையும் எறிவதே அடிப்படை விதி என்று வகுத்து, தற்சமயம் கையாள்வது, குறிப்பிட்ட காலம்வரை வேண்டியது, என்றென்றும் வேண்டியது என்ற மூன்றுக்கு மட்டும் விலக்களித்தார். அந்த மூன்று விலக்குகளை மறந்துவிட்டு விதியை மட்டும் நம்மவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆனால் எறிவதைத் தர்மமாகக் கொண்டாடுவது நம் பக்கத்துக்கு ஜப்பானிலிருந்து வரவேண்டியதில்லை. ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில் இருக்கிற கரிவலம்வந்தநல்லூருக்கு, பாண்டிய அரசர் ஒருவர் சேர்த்துவைத்திருந்த ஏடுகளைத் தேடிக்கொண்டு உ. வே. சாமிநாதையர் போனபோது, பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இடவேண்டும் என்று ஆகமம் சொல்வதாகவும் அவ்விதமே செய்தாயிற்று என்றும் கோயிலைச் சேர்ந்தவர்கள் அவரிடம் தெரிவித்ததை அவர் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். அந்த ஹோமத்தை நடத்தியவர்கள் துஷ்டர்களல்லர். சாஸ்திரத்துக்கு அடங்கிய நல்லவர்கள். இன்று ‘ஸ்கேன் செய், எறிந்துவிடு’ என்பவர்களும் நல்லவர்களே. ஆகமம் மட்டும் மாறியிருக்கிறது.

அவர்களுடைய வாதத்தின் முதல் தூண், சர்க்காரிடம் எல்லாம் இருக்கிறது, வீட்டில் எதற்கு என்பது. சர்க்கார்க் காரியாலயத்தின் உள் நடைமுறையை அறிந்த எவரும் இந்த வாதத்தைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது. நம் மாகாணத்தின் ஜில்லாக் காரியாலயங்களுக்கென்று வகுக்கப்பட்ட நடைமுறையில், முடிவுபெற்ற கோப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஆயுள் நிர்ணயம் உண்டு: எல்.டிஸ். என்று முத்திரை பெற்றது ஓராண்டில் அழிக்கப்படும், கே.டிஸ். என்பது மூன்றாண்டில், டி.டிஸ். என்பது பத்தாண்டில், ஆர்.டிஸ். என்பது மாத்திரமே நிரந்தரமாகப் பதிவறையில் வாசம் செய்யும். நீங்கள் கொடுத்த மனு எந்த எழுத்தைப் பெற்றது என்பதை நிர்ணயிப்பவர் நீங்களல்லர். அதற்குப் பின் இருபது வருஷம் கழித்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எத்தனை விண்ணப்பம் எழுதினாலும், அந்தச் சட்டம் இருக்கிற காகிதத்தைத்தான் வாங்கிக் கொடுக்கும். இல்லாத காகிதத்தை அது சிருஷ்டிக்காது. தன் காகிதத்தைத் தானே அழிப்பதற்குக் கால அட்டவணை வைத்திருக்கும் ஸ்தாபனத்தை நம்பி, நம் காகிதத்தை நாம் அழிக்கவேண்டும் என்பது எந்தத் தர்க்கத்தில் சேர்ந்ததோ நான் அறியேன்.

சரி, அழிக்கப்படாமல் நிரந்தரமாக இருக்கிற பதிவேடுகள் உண்டே, நிலப் பதிவேடு நிரந்தரமல்லவா என்பார்கள். நிரந்தரந்தான். ஆனால் நிரந்தரமாக இருப்பதும் சரியாக இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்தத் தேசத்தில் நிலம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் அனுபவித்து அறிவர். ஜனங்கள் யு.டி.ஆர். என்று சுருக்கமாகச் சொல்லும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979 முதல் 1987 வரை தமிழ்நாடெங்கும் நடந்தது. நோக்கம் மிக உயர்ந்தது: செத்துப்போனவர்களின் பெயரிலே கிடந்த பட்டாக்களை உயிரோடு அனுபவித்து வருபவர்களின் பெயருக்கு மாற்றுவது. அந்த வேலையின் நடுவே, அண்ணன் பெயருக்குத் தம்பியின் பாகமும் சேர்ந்து ஏறியது. ஒரு சர்வே எண்ணின் உட்பிரிவு பக்கத்து நிலத்துக்காரர் கணக்கில் போனது. தகப்பன் பெயர் மகன் பெயராகவும் மகன் பெயர் தகப்பன் பெயராகவும் இடம் மாறின. பின்னாளில் கம்ப்யூட்டரில் ஏறியவை பெரும்பாலும் அந்தப் பதிவேடுகளே. ஆகவே, இன்று ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ பார்க்கலாம் என்று பெருமையோடு காட்டப்படும் பட்டாவில், நாற்பது வருஷத்துக்கு முந்திய பிழை எழுத்துப் பிசகாமல், எங்கிருந்தும் எந்நேரமும் தரிசனம் கொடுக்கிறது! அதைத் திருத்தக் கோரி மனுச் செய்தால் அதிகாரி முதலில் கேட்பது என்ன? அந்தத் திட்டத்துக்கு முந்திய ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்பதுதான். பழைய கிரயப் பத்திரம், பழைய பட்டா, கிஸ்தி கட்டிய ரசீது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்பவை அத்தனையும் அந்தத் தகரப் பெட்டியில் இருந்தவை. போன மார்கழியில் எடைக்குப் போடப்பட்டவை.

இதிலே இன்னொரு விஷயத்தையும் சொல்லவேண்டும். 1980-ஆம் வருஷம் நவம்பர் மாதம்வரை கிராமத்துக்குக் கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருந்தார். பரம்பரை உத்தியோகம், அதிலே அக்கிரமங்களும் இருந்தன, நான் அதற்காகக் கண்ணீர் விடவில்லை. ஆனால் யாருடைய பாட்டன் யாரிடம் எந்தச் செய்யை எந்த வருஷம் கிரயம் பெற்றான், எந்தப் புஞ்சை ஒற்றியில் இருந்து மீட்கப்பட்டது என்ற ஞாபகம் முழுவதும் அந்த மனிதரின் தலையிலும் அவர் வீட்டுத் திண்ணையிலும் இருந்தது. அந்தப் பதவிகளை எடுத்துவிட்டு, மாற்றலாகிப் போகிற கிராம நிர்வாக அலுவலரை நியமித்த அன்றைக்கே, ஊரின் ஞாபகம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. அவரவர் குடும்பத்தின் ஞாபகத்தை அவரவரே சுமக்க வேண்டியதாயிற்று. அந்தச் சுமையை நாற்பத்தைந்து வருஷமாகச் சுமப்பது பரணில் இருக்கும் பெட்டி.

நம் வட்டாரத்துக்கென்றே உரிய சங்கடம் ஒன்றும் இருக்கிறது. இங்கே நூறு வருஷத்துப் பத்திரங்கள் உள்ள வீடு ஏதாவது இருந்தால் அந்தக் கட்டை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். 1910-க்கு முந்திய பத்திரம் ‘திருநெல்வேலி ஜில்லா ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா’ என்று ஆரம்பிக்கும். இராமநாதபுரம் ஜில்லா உண்டானபின் எழுதியது ‘இராமநாதபுரம் ஜில்லா’ என்னும். 1985-க்குப் பிறகு ‘காமராஜர் மாவட்டம்’. 1997 முதல் ‘விருதுநகர் மாவட்டம்’. நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜில்லா மாத்திரம் நான்கு பெயர் எடுத்தது. இணையத்தில் கட்டணமின்றிக் காட்டப்படும் வில்லங்கமோ 1975-ஆம் வருஷத்திலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்திய சங்கிலி வேண்டுமானால், எந்த வருஷம், எந்தச் சார்பதிவகம், எந்த எண் என்பவற்றைச் சொல்லிப் பழைய புத்தகங்களைத் தேடச் சொல்லி மனுச் செய்யவேண்டும். அந்த வருஷத்தையும் எண்ணையும் எங்கிருந்து சொல்வது? வீட்டில் இருக்கும் பத்திரத்தின் முதுகில் சார்பதிவாளர் எழுதிக் கையெழுத்திட்ட குறிப்பிலிருந்துதான். சர்க்காரின் புத்தகத்தைத் திறக்கும் சாவியே வீட்டுக் காகிதமாக இருக்கையில், புத்தகம் இருக்கிறது என்று சொல்லிச் சாவியைத் தூர எறிகிறார்கள்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் உள்ளதெல்லாம் பதிவான விவகாரம் மாத்திரமே என்பதையும் அவர்கள் யோசிப்பதில்லை. குடும்பத்திலே அண்ணன் தம்பிகள் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு, தங்கைக்குப் பணம் கொடுத்துத் தீர்த்ததற்கு அவள் எழுதிக் கொடுத்த கைச்சாத்து, பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய பழைய கடன் தீர்ந்ததற்குப் பேங்கு கொடுத்த கடிதம், கிணற்றில் நாள்முறை தண்ணீர் பாய்ச்சுவதற்குப் பங்காளிகள் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று இவை எவையும் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லை. உயில் இருக்கிறதே, அதைப் பதிவு செய்யவேண்டும் என்ற கட்டாயம்கூடச் சட்டத்தில் கிடையாது. எழுதியவர் கையெழுத்தும் இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் இருந்தால் போதும். மேலும், மின்னணு ஆவணங்களுக்கு அங்கீகாரம் கொடுப்பதற்காகவே பிறந்த 2000-ஆம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டமே, உயிலைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. மனிதன் எழுதும் கடைசிக் காகிதம், இன்றுவரை, காகிதமாகத்தான் இருந்தாக வேண்டும்.

இனி, சட்டம் வீட்டுப் பெட்டியை எவ்வளவு கௌரவமாகப் பார்க்கிறது என்பதைக் கவனியுங்கள். 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 90-ஆம் பிரிவும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தின் 92-ஆம் பிரிவும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட தஸ்தாவேஜு ஒன்று, முறையான பாதுகாப்பிலிருந்து எடுத்து நீதிமன்றத்தில் வைக்கப்பட்டால், அதில் உள்ள கையெழுத்தும் சாட்சிக் கையெழுத்தும் உண்மையானவை என்று நீதிபதி அனுமானித்துக்கொள்ளலாம். எழுதியவரும் செத்து, சாட்சிகளும் செத்து, கையெழுத்தை அடையாளம் காட்ட ஓர் ஆத்மாவும் இல்லாத நிலையிலே, காகிதம் தானே தனக்குச் சாட்சியாகி நிற்கும் அந்த உரிமையை அதற்குக் கொடுப்பது வயது மாத்திரமல்ல. அது இருந்த இடம். முறையான பாதுகாப்பு என்பதற்குச் சட்டம் இரும்புப் பெட்டகத்தையோ சர்க்கார்ப் பதிவறையையோ கேட்கவில்லை. அந்தக் காகிதம் இயல்பாக எங்கே, யார் பொறுப்பில் இருக்குமோ அங்கே, அவர் பொறுப்பில் இருந்திருந்தால் போதும் என்கிறது. மருமகளிடம் மாமியார் கொடுத்துவிட்டுப் போன டிரங்குப் பெட்டி இந்த லட்சணத்துக்கு முற்றிலும் பொருந்தும். நூற்றைம்பது வருஷமாக நீதி ஸ்தலம் வணங்கி வருகிற பெட்டியைக் ‘குப்பை’ என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.

படம் பிடித்து வைத்தால் போதாதா என்பது அவர்களுடைய இரண்டாவது தூண். படம் பிடிப்பதை நான் ஆட்சேபிக்கவில்லை, தாராளமாகப் பிடியுங்கள். படம் பிடித்தோம் என்ற தைரியத்தில் அசலை எறிவதையே ஆட்சேபிக்கிறேன். நீதிமன்றத்தில் கைப்பேசிப் படம் அசலுக்குச் சமமாகாது. அதை வைப்பதானால், எந்தக் கருவியில் எவ்விதம் எடுக்கப்பட்டது என்று தனிச் சான்று எழுதி இணைக்கவேண்டும், அசல் எங்கே போயிற்று என்பதற்கும் சமாதானம் சொல்லவேண்டும். “எடைக்குப் போட்டுவிட்டோம், எஜமானே” என்ற சமாதானத்தை எந்த நீதிபதி எப்படி ஏற்றுக்கொள்வார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். பத்திரப் பதிவிலோ, விற்பவர் தமக்கு உரிமை வந்த மூலப் பத்திரத்தின் அசலைக் காட்டவேண்டும், தொலைந்திருந்தால் கண்டுபிடிக்க இயலவில்லை என்று போலீஸாரிடம் சான்று வாங்கிப் பத்திரிகையிலும் விளம்பரம் செய்யவேண்டும் என்று 2022-இல் தமிழ்நாட்டில் 55-ஏ என்று ஒரு விதியே வந்தது. அந்த நிபந்தனையை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது உண்மை. ஆனாலும், விதி போனதனால் வாங்குகிறவனுடைய சந்தேகம் போய்விடவில்லை. தாய்ப் பத்திரத்தின் அசலைக் காட்டாமல் ராஜபாளையத்தில் ஒரு தோப்பை நியாயமான விலைக்கு விற்றுப் பாருங்கள்.

அதிலும், கைப்பேசி யாருடையது? மகனுடையது. அதன் பூட்டு எண் யாருக்குத் தெரியும்? மகனுக்கு. பெட்டிக்குச் சாவி தாயின் இடுப்பில் இருந்தவரை குடும்பத்தின் ஆதாரங்கள் அவள் வசம் இருந்தன. அவற்றை மின்வெளிக்கு அனுப்பியதும், எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் எந்தக் காகிதம் எதற்கு என்று தொட்டுப் பார்த்துச் சொல்லத் தெரிந்த அந்த அம்மாள், ஒரே நாளில் தன் வீட்டு விவகாரத்திலேயே அந்நியளாகிறாள். துப்புரவைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த அதிகார மாற்றத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. அவள் பெயரில் இருக்கிற புஞ்சையை அவளுக்குத் தெரியாமல் கைமாற்ற நினைக்கிறவனுக்கு, அந்தப் பெட்டி காலியாக இருப்பதைப் போன்ற சௌகரியம் வேறில்லை.

எதிர்க்கட்சியின் வாதங்களுள் உண்மையான பலமுள்ளது ஒன்றுதான்: வெள்ளம் வந்தால், நெருப்புப் பிடித்தால் காகிதம் போய்விடுமே என்பது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்த வீடுகளில் பத்திரங்களும் சான்றிதழ்களும் ஊறிக் கூழாய்ப் போயின. நகல் சான்றுகளைக் கட்டணமின்றிக் கொடுக்கச் சர்க்கார் விசேஷ முகாம்கள் நடத்தியது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த முகாம்களின் வாசலில் வரிசையில் நின்றவர்கள் எதற்காக நின்றார்கள்? காகிதத்துக்காக. போனது காகிதம் என்பதனால் காகிதம் வேண்டாம் என்று ஒருவரும் வீடு திரும்பவில்லை. வெள்ளத்துக்குப் பரிகாரம் பெட்டியை உயரத்தில் வைப்பதும், நகல் ஒன்றை வேறு ஊரில் இருக்கும் மகளிடம் கொடுத்துவைப்பதும், படமும் பிடித்துவைப்பதுமே.

காகிதத்தின் அருமையை, ராஜபாளையத்தைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். வருங்கால வைப்பு நிதிக்கு, வேலை எத்தனை மாறினாலும் ஆளுக்கு ஒரே பொது எண் என்பது வந்ததே 2014-இல்தான். அதற்கு முன் முப்பது வருஷம் உழைத்தவருக்கு ஆலைதோறும் ஒரு கணக்கு. ஒன்றில் பெயர் ஒரு விதம், இன்னொன்றில் வேறு விதம். பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த அன்றைக்கு எழுத்தர் உத்தேசமாகப் போட்டது. பென்ஷன் சமயத்தில் இதையெல்லாம் ஒன்றுபடுத்தச் சொல்கிறபோது, ஆலை மூடிக் கிடக்கிறது, பள்ளிக்கூட மாற்றுச் சான்றிதழும், பழைய சம்பளச் சீட்டும், ஆலை கொடுத்த அடையாள அட்டையும் வைத்திருந்தவர் காரியத்தை முடித்துக்கொள்கிறார், வைக்காதவர் நடக்கிறார். பேங்குகளிலும் இதே கதைதான். பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் வைப்புத் தொகையை ரிசர்வ் பேங்கின் நிதிக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்படிப் போனவற்றை உரியவர்கள் தேடிக்கொள்ள 2023-இல் உத்கம் என்றொரு இணையதளமே திறந்தார்கள். தகப்பனார் எந்தப் பேங்கில் போட்டார் என்பதைச் சொல்லும் ஒரு ரசீது வீட்டில் இருந்திருந்தால் அந்தத் தேடலில் பாதிக்கு அவசியமே இல்லை.

இவ்வளவும் ஒப்புக்கொண்டபின் வேறொரு சாரார் வருகிறார்கள். “வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இப்படி அலங்கோலமாகவா? கடையிலே கண்ணாடி உறை போட்ட புத்தகங்கள் விற்கின்றன, மின்சாரம், மருத்துவம், கல்வி, இன்ஷூரன்ஸ் என்று தலைப்பு ஒட்டிப் பிரித்துவையுங்கள்” என்பது இவர்கள் வாக்கு. இவர்களையும் நான் மறுக்கிறேன். தலைப்புவாரியாகப் பிரிப்பது காரியாலயத்தின் முறை. காரியாலயத்தில் பிரிப்பதற்கென்று சம்பளம் வாங்கும் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை. மேலும், மகப்பேற்று ஆஸ்பத்திரிச் சீட்டு மருத்துவத்தில் சேருமா, குழந்தையின் பிறப்புக்கு ஆதாரமாகச் சேருமா என்று ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு தர்க்க விசாரம் எழும். விசாரம் முடியாத காகிதமெல்லாம் ‘இதர’ என்ற உறைக்குப் போகும். ஒரு வருஷத்தில் அந்த உறை மற்ற எல்லாவற்றையும் விடப் பெருத்துவிடும். ஜப்பானிலேயே, யுகியோ நொகுச்சி என்ற பொருளாதாரப் பேராசிரியர் 1993-இல் வெளியிட்ட நூலில், விஷயவாரியாகப் பிரிக்கும் முறையையே கைவிட்டு, உறைகளில் இட்டு வரிசையாக அடுக்கி, எடுத்தாண்டதைத் திரும்ப ஒரு முனையில் வைத்துக்கொண்டே வந்தால் கால வரிசை தானாக அமையும் என்று வாதிட்டார். அவர் கண்டுபிடித்ததை நம் பலசரக்குக் கடைக்காரர்கள் கொக்கி வளைத்த கம்பியில் வெகுகாலமாகக் குத்திவைத்திருந்தார்கள்: வந்த சீட்டு மேலே, பழையது கீழே, பிரிக்கும் வேலையே இல்லை.

ஆகவே கடையில் எதுவும் வாங்காமல் வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய முறை ஒன்றைச் சொல்கிறேன். இது நம் பக்கத்துக்கு மிகவும் பொருந்தும். சிவகாசி நமக்குப் பக்கத்தில் இருக்கிற புண்ணியத்தால், தை பிறப்பதற்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் நாலைந்து தினசரிக் காலண்டர்கள் வந்து சேருகின்றன. வருஷம் முடிந்து தாள்கள் கிழிந்துபோனபின், தடித்த, வழவழப்பான, கடவுள் படம் போட்ட அட்டைகள் மிஞ்சுகின்றன. இரண்டு அட்டைகளை எடுத்து ஓரத்தில் கோணூசியால் இரண்டு துளையிட்டு, நூல் நாடாவைக் கோத்தால், நடுவே காகிதத்தை வைத்துக் கட்டுவதற்கு மேலட்டையும் கீழட்டையும் ஆயிற்று. குண்டூசியும் கம்பித் தையலும் துருவேறிக் காகிதத்தைத் தின்னும், நாடா தின்னாது.

கட்டுகள் இரண்டே விதம். முதலாவது, நிலையான கட்டு. இது ஆளுக்கு ஒன்று, சொத்துக்கு ஒன்று. மகளுடைய கட்டில் அவள் பிறப்புச் சான்று முதல் படிப்பு, சாதிச் சான்று, கல்யாணப் பதிவு வரை எல்லாம் இருக்கும்; கண்மாய்க்கரைப் புஞ்சையின் கட்டில் தாய்ப் பத்திரம் முதல் கடைசித் தீர்வை ரசீது வரை இருக்கும். மின்சாரம், வரி என்ற தலைப்புகள் இங்கே இல்லை. அந்தந்த வீட்டின் மின்சாரமும் வரியும் அந்தந்த வீட்டின் கட்டோடு போகும். வீடு கைமாறினாலும் மகள் புகுந்த வீட்டுக்குப் போனாலும், ஒரே கட்டைத் தூக்கிக் கொடுத்தால் போதும். ஏழு உறைகளிலிருந்து பொறுக்க வேண்டியதில்லை. அட்டையின் மேலிருக்கும் படமே தலைப்பு. ஆண்டாள் படம் மகளுக்கு, முருகன் படம் புஞ்சைக்கு, பிள்ளையார் குடியிருக்கும் வீட்டுக்கு என்று ஒரு தடவை தீர்மானித்துவிட்டால், எழுத்தே அறியாத பாட்டியம்மாள் இருட்டுப் பரணிலிருந்து கேட்ட கட்டை எடுத்துத் தருவாள். தலைப்பு எழுதி ஒட்டும் எந்த முறையிலும் இந்தச் சௌகரியம் கிடையாது.

இரண்டாவது, வருஷக் கட்டு. அன்றாடம் வரும் ரசீதும் சீட்டும் முதலில் கொக்கிக் கம்பிக்கே போகும். மார்கழிக் கடைசியில் வெள்ளையடிக்குமுன் கம்பியைக் கழற்றி, நிலையான கட்டுகளில் சேரவேண்டியவற்றை அவற்றில் சேர்த்து, மிச்சத்தை அந்த வருஷத்துக் காலண்டர் அட்டைக்குள் வைத்துக் கட்டி, பின்புறம் வருஷத்தை எழுதிவிட வேண்டும். இதற்கு ஒரு மத்தியானம் போதும். கடைகளிலும் பெட்ரோல் பங்குகளிலும் கொடுக்கும் வழவழப்பான சீட்டை மட்டும் நம்பக்கூடாது. அதில் மை இல்லை, தாளின் மேற்பூச்சு சூட்டில் கறுத்திருக்கிறது, வெளிச்சத்தில் அது வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். உத்தரவாதத்துக்கு வேண்டியதானால் உடனே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துக் கட்டவேண்டும். பிளாஸ்டிக் உறையில் ஜெராக்ஸைப் போட்டால் கோடைச் சூட்டில் எழுத்து உறையோடு ஒட்டிக்கொண்டு வரும். அசல் சான்றிதழை லேமினேஷன் செய்தாலோ, பிறகு எந்த அவசியத்துக்கும் பிரிக்க வழியில்லை. பெட்டியைச் சுவரோடு ஒட்டாமல் மரப்பலகைமேல் வைத்து, உள்ளே வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டு, வருஷத்துக்கொரு முறை மாற்றிவந்தால் கறையானும் இராமபாணமும் கிட்டே வருவது குறையும்.

எதையுமே எறியக்கூடாது என்று நான் சொல்வதாக யாரும் திரித்துக் கூற வேண்டாம். கொடுக்கல் வாங்கல் வழக்குக்குச் சட்டம் வைத்த காலவரம்பு மூன்று வருஷம். ஆகவே வருஷக் கட்டுகளில் நாலு வருஷத்துக்கு முந்தியதைப் பிரித்து, ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு, தாராளமாக எடைக்குப் போடலாம். நிலத்துக்கு வழக்காடும் காலமோ பன்னிரண்டு வருஷம், அனுபோகம் யாருடையது என்பதற்கு ஆதாரமோ தீர்வை ரசீது. ஆகையால் நிலையான கட்டிலிருந்து ஒரு தாளையும் எடுக்கக்கூடாது. எறிவதற்கும் ஒரு காலம், ஒரு வரிசை உண்டு. பொங்கலுக்கு வந்த பிள்ளையின் இரண்டு நாள் உற்சாகம் அந்தக் காலமும் அல்ல, அந்த வரிசையும் அல்ல.

பழையதைக் கழிப்பதற்குச் சிலர் ‘பழையன கழிதலும்’ என்னும் நன்னூலார் சூத்திரத்தையே துணைக்கு இழுக்கிறார்கள். அவர் அதைச் சொன்னது மொழி வழக்கைப் பற்றி, பட்டாவைப் பற்றியல்ல.

வருகிற மார்கழியில் ஊருக்குப் போகும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இதுதான். பரணிலிருந்து பெட்டியை இறக்குங்கள். ஆனால் பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடாதீர்கள். தாயாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு காகிதமும் எதற்கு வந்தது என்று கேட்டு, அவர் சொல்வதை அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதி, அட்டைக்குள் வைத்துக் கட்டிவிட்டுச் சாவியை அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.